இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட: அடுப்படியில் செய்ய வேண்டியவை

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்துவிட்டால், அன்று மாலையே வீட்டுக்குப் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் மாதுளையும் வந்து சேரும். சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கை அவ்வளவு பழசு. ஆனால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடவும் குறைவு. பேரீச்சையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 5 மி.கி. உண்டுதான். ஆனால் நாம் சாப்பிடுவது நான்கு பழம், அதாவது சுமார் 30 கிராம். கிடைப்பது ஒன்றரை மி.கி., மற்றதில் பெரும்பகுதி சர்க்கரை.

மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி., ஆணுக்கு 19 மி.கி. என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. இந்த எண்கள் இவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம், நம் சாப்பாட்டில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேருவதில்லை என்ற கணக்கு. மற்றதெல்லாம் வந்த வழியே வெளியே போய்விடுகிறது. அதனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு, அதனுடன் எதைச் சேர்த்தோம், எதை எப்போது குடித்தோம் என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. கீரைக்கும் பயறுக்கும் பஞ்சமில்லாத ஊரில் இந்த நிலை என்றால், வாங்குவதைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

முதலில் காபி, டீ

செலவே இல்லாமல் இன்றைக்கே மாற்றக்கூடியது இதுதான். டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட இரும்பு குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதமும், டீ குடித்தபோது 64 சதவீதமும் குறைந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ, கூடவே குடித்த அளவுக்குத் தடுத்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் ஒரு மணி நேர இடைவெளிக்கும் ஓரளவு பலன் தெரிந்தது. என்றாலும் பாதுகாப்பான கணக்கு இப்படி: சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம், பின் இரண்டு மணி நேரம்.

நம் வீடுகளில் இது கஷ்டமான மாற்றமே அல்ல. காலை ஆறு மணிக் காபி இருக்கட்டும், எட்டு மணி இட்லியை அது தொடாது. மாலை நான்கு மணி டீயும், மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு முடிந்திருந்தால், தாராளமாக இருக்கலாம். விட வேண்டியது இரண்டே இரண்டு: இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் டம்ளர், ஓட்டலில் சாப்பிட்டுக் கை கழுவியதும் சொல்லும் 'ஒரு டீ'. சுண்டலுக்குத் துணையாக டீ குடிக்கும் பழக்கத்தையும் இதில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் சுண்டல்தான் அன்றைய நாளின் நல்ல இரும்பு. மாலையில் சுண்டல் என்றால் டீயை ஐந்து மணிக்குக் குடித்துவிட்டு, சுண்டலை ஆறேகாலுக்கு வையுங்கள்.

கிரீன் டீ, இஞ்சி டீ, பால் கலக்காத கட்டன் சாயா எல்லாம் ஒன்றுதான். தேயிலை இருந்தால் தடுக்கும். சுக்குமல்லிக் காபியில் காபித்தூளோ தேயிலையோ கலக்காவிட்டால் இந்த அளவுக்குப் பயமில்லை.

எலுமிச்சையைவிடக் கொய்யா

தடுப்பதை விலக்கியாயிற்று. இனி சேர்த்துவிடுவது எது என்று பார்க்கலாம். வைட்டமின் சி, செடிகளில் உள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றுகிறது. உறிஞ்சப்படும் அளவை இரண்டு மூன்று மடங்காகக்கூட உயர்த்தும். ஆனால் அது அதே வேளைச் சாப்பாட்டோடு வயிற்றில் இருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிச் சாறு குடித்துவிட்டு மதியம் கீரை சாப்பிட்டால், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே போவதில்லை.

எல்லோரும் எலுமிச்சையைச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை எலுமிச்சையில் வருவது ஒரு மேசைக்கரண்டிச் சாறு, அதில் 6 அல்லது 7 மி.கி. வைட்டமின் சி. ஒரு வேளைக்கு 25 மி.கி.யாவது இருந்தால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கொய்யாவிலோ 100 கிராமுக்கு 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. பாதிக் கொய்யா போதும். மதியச் சாப்பாடு முடிந்ததும் அரைக் கொய்யா என்று வைத்துக்கொண்டால், இதற்காக வேறு எதையும் தேட வேண்டாம். கொய்யா கிடைக்காத நாளில் ஒரு பெரிய நெல்லிக்காய், ஒரு ஆரஞ்சு, நல்ல பெரிய துண்டு பப்பாளி, அல்லது பச்சைக் குடமிளகாயும் தக்காளியும் அரிந்து போட்ட பச்சடி.

வைட்டமின் சி சூட்டில் அழியும். எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கும் பருப்பில் விடக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பிழிய வேண்டும். பழத்தை அறுத்து மணிக்கணக்கில் திறந்து வைத்தாலும் சத்து குறையும், அதனால் காலையில் டப்பாவில் அடைக்கும் கொய்யாவை முழுதாகவே அடைத்து, சாப்பிடும்போது கடித்துக்கொள்வது நல்லது.

பயறை ஊறவைத்தால் மட்டும் போதாது

கொள்ளு, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு. செடி உணவில் இரும்புக்கு இவைதான் முதுகெலும்பு. 100 கிராம் கொள்ளில் எட்டு மி.கி.க்கு மேல், கொண்டைக்கடலையில் ஆறேமுக்கால் அளவுக்கு, பச்சைப்பயறில் ஏறக்குறைய ஐந்து. ஆனால் விதை தன் சத்தை முளைக்கும் நாளுக்காகப் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டுக்குப் பெயர் ஃபைட்டிக் அமிலம். விதைக்குள்ளேயே அதற்குச் சாவியும் உண்டு, ஃபைட்டேஸ் என்னும் நொதி. ஈரமும் நேரமும் கிடைத்தால் அது வேலை செய்யத் தொடங்கும். ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது மூன்றும் இந்த நொதிக்கு வாய்ப்புக் கொடுக்கும் வழிகள்தாம்.

முளைகட்டும் முறை இதோ. கொள்ளோ பச்சைப்பயறோ 200 கிராம் எடுத்து, கல் மண் பொறுக்கி, மூன்று முறை அலசுங்கள். நான்கு மடங்கு தண்ணீரில் 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இப்போது கையை விட்டுத் துழாவினால் சில மணிகள் ஊறாமல் சின்னதாக, கல் போலவே இருக்கும். அவை எத்தனை மணி நேரம் வைத்தாலும் முளைக்காது, வேகாது, பல்லைப் பதம் பார்க்கும். பொறுக்கி எறியுங்கள். மற்றதை நன்றாக வடியவிட்டு, ஈரத் துணியில் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் பச்சைப்பயறு 12 மணி நேரத்தில் மூக்கு நீட்டும், கொள்ளுக்கு ஒரு நாள், மார்கழியில் ஒன்றரை நாளும் ஆகலாம். காலையும் மாலையும் ஒருமுறை அலசிக் கட்டுங்கள். முளை அரை அங்குலம் வந்தால் போதும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீர் வடியாததால். துணி சொட்டச் சொட்ட இருந்தாலோ, எவர்சில்வர் டப்பாவில் மூடி போட்டு இறுக்கினாலோ வழவழப்பும் நாற்றமும் வரும். அந்த வாடை வந்துவிட்டால் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். நல்ல முளைப்பயறைக்கூடப் பச்சையாகச் சாப்பிடுவதைத் தவிர்ப்பது நல்லது. பயறு முளைக்கும் அதே ஈரச்சூடு வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கும் பிடித்தமானது. இட்லிப் பானையில் ஐந்து முதல் ஏழு நிமிடம் ஆவியில் வைத்து இறக்கி, தாளித்துக்கொட்டி, சூடு ஆறியதும் எலுமிச்சை பிழியுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முளைப்பயறை முழுக்க வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

இட்லி தோசை மாவு இரவு முழுக்கப் புளிப்பதிலும் இதே நன்மை உண்டு. புளிக்க நேரமில்லாமல் கரைத்து ஊற்றும் உடனடி மாவுக்கு அது கிடையாது.

கம்பும் கேழ்வரகும் ஒன்றல்ல

இரண்டையும் 'இரும்புச் சத்து நிறைந்த சிறுதானியம்' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கம்பில் 100 கிராமுக்கு ஆறுக்கு மேல், கேழ்வரகில் நாலரை அளவுக்கு இரும்பு இருக்கிறது. வெள்ளை அரிசியில் ஒரு மி.கி.கூட இல்லை என்பதால் இரண்டுமே மேல்தான். ஆனால் கேழ்வரகின் சிவந்த தோலில் துவர்ப்புப் பொருள்கள் அதிகம், கால்சியமும் மிக அதிகம். அந்தத் துவர்ப்பும் கால்சியமும் இரும்பைத் தடுப்பவை. கேழ்வரகை எலும்புக்காகச் சாப்பிடுங்கள், அதற்கு அது அருமையான தானியம். இரும்புக்கு அதை நம்ப வேண்டுமென்றால் முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த மாவாக இருக்கட்டும்.

கம்பில் இடறுவது மாவின் ஆயுளில். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் அது காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை எடுத்துக் கசக்கத் தொடங்கும். கடையில் மாதக்கணக்காக இருந்த பாக்கெட்டை வாங்கி, 'கம்பு கசக்கும், பிள்ளைகள் சாப்பிடாது' என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. தானியமாக வாங்கி, ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து வையுங்கள். கூழுக்கு ஒரு கப் மாவை இரண்டு கப் தண்ணீரில் கரைத்து இரவு மூடி வைத்தால் காலையில் லேசாகப் புளித்திருக்கும். மூன்று கப் தண்ணீர் கொதிக்கும்போது அதை ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே சிறு தீயில் கால் மணி நேரம். கைவிரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். சின்ன வெங்காயமும் மாங்காய்த் துண்டும் தொட்டுக்கொள்வது வெறும் ருசிக்கு மட்டுமல்ல, பச்சை மாங்காயில் வைட்டமின் சி இருக்கிறது.

கீரை

முருங்கைக்கீரையிலும் முளைக்கீரை, அரைக்கீரை வகைகளிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய நாலரை மி.கி. இருக்கும். வடநாட்டுப் பாலக்கில் அதைவிடக் குறைவு, ஆக்ஸலேட் என்னும் தடுப்புப் பொருளும் அதிகம். அதனால் கீரை என்றாலே பாலக் பனீர் என்று தேடிப் போக வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. தெருவில் விற்கும் கட்டே மேல்.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஆய்ந்த இலை 100 கிராம் வேண்டும். வெந்தால் அது ஒரு சிறு கிண்ணம்தான். தண்டும் வேரும் போகக் கட்டில் பாதிதான் மிஞ்சும் என்பதால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சின்னக் கட்டு வாங்கி ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தால் அது ஊறுகாய் அளவுதான். முருங்கைக்கீரை ஆய்வதற்குச் சோம்பி வாங்காதவர்கள் ஒரு வழி செய்யலாம். கொத்துகளை இரவு செய்தித்தாளிலோ உலர்ந்த துணியிலோ சுற்றி வையுங்கள். காலையில் பிரித்து உதறினால் முக்கால்வாசி இலை தானாகக் கொட்டிவிடும்.

கழுவிய பிறகே நறுக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை அமிழ்த்தி, மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கீரையிலேயே ஏறும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே கடையுங்கள். முருங்கையைப் பருப்போடு கூட்டாகவோ அடையிலோ போடலாம். தேங்காய்த் துருவலுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி வறுத்த எள்ளுப்பொடி தூவினால் இன்னொரு மி.கி.க்கு மேல் சேரும்.

கீரையோடு தயிர் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதில் சிறு நியாயம் உண்டு. தயிரின் கால்சியம் அந்த வேளை இரும்பைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் நாள் முழுக்கக் கணக்கெடுத்தால் இந்தத் தடை டீயைப் போல் பெரிதல்ல. இரத்தசோகை உள்ளவர்கள் கீரை செய்யும் நாளில் தயிர்ச்சாதத்தை இரவுக்குத் தள்ளினால் போதும். தயிரையே விட்டுவிட வேண்டாம்.

மீன், கறி, ஈரல்

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வழி எளிது. இறைச்சியில் உள்ள இரும்பு வேறு வடிவம், அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக்கூட உடம்பு எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், கறியோ மீனோ தட்டில் இருந்தால் கூட இருக்கும் கீரை, பருப்பின் இரும்பும் அதிகமாகச் சேரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி எடுத்து ஒரே நாளில் தீர்ப்பதைவிட, வாரம் மூன்று நாள் கைப்பிடி நெத்திலியைக் கீரைச் சாப்பாட்டோடு வைப்பது மேல். கோழி ஈரல் மலிவு, 100 கிராமில் ஒன்பது மி.கி. அளவுக்கு இரும்பு. வாரத்துக்கு ஒருமுறை 50 கிராம் போதும். கர்ப்பிணிகள் ஈரலை மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடக் கூடாது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கருவுக்கு ஆகாது. முட்டை நல்ல புரதம். ஆனால் அதன் மஞ்சள் கருவில் உள்ள இரும்பை அங்கேயே உள்ள ஒரு புரதம் பிடித்துக்கொள்வதால், இரும்புக்காக முட்டை என்று நினைக்க வேண்டாம்.

இரும்புச் சட்டியும் ரேஷன் அரிசியும்

இரும்புச் சட்டியில் சமைத்தால் இரும்பு உண்மையிலேயே சாப்பாட்டில் இறங்கும். புளிப்பும் ஈரமும் நேரமும் கூடக் கூட அதிகமாக இறங்கும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்குக்கு நல்ல பலன், எண்ணெயில் பொரிக்கும் அப்பளத்துக்கு ஒன்றுமில்லை. சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சட்டியிலேயே கிடந்தால் குழம்பு கறுத்து, நாக்கில் இரும்பு வாடை அடிக்கும். கழுவியதும் துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காட்டி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது. செந்துரு ஏறினால் தேய்த்துப் போக்கிய பிறகே சமைக்க வேண்டும்.

செறிவூட்டிய ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும் மணிகள் சற்று வேறு நிறத்தில், சில தண்ணீரில் மிதப்பவையாக இருக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று அவற்றைப் பொறுக்கி எறிகிறார்கள். அவை அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள். பொறுக்கவும் வேண்டாம், மிதப்பதைக் களைந்து கொட்டவும் வேண்டாம். இரண்டு முறை மெல்ல அலசினால் போதும். கஞ்சி வடிப்பவர்கள் அந்தக் கஞ்சியையும் குடித்துவிடுங்கள். தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டால் ஆகாதபோது

இதுவரை சொன்னவை குறை வராமல் காக்கவும், லேசான குறையைத் திருப்பவும் உதவும். 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. ஏழு, எட்டு என்று இறங்கியவர்கள் முருங்கைக்கீரையை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருப்பது அடையாளங்கள். பல்பம், சாம்பல், பச்சரிசி, ஐஸ் கட்டி என்று தின்னத் தோன்றுவதும் பெரும்பாலும் இரும்புக் குறையின் அடையாளமே. அப்படித் தின்னும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

காரணத்தையும் தேட வேண்டும். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், எவ்வளவு சாப்பிட்டாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. செருப்பில்லாமல் மண்ணில் நடப்பவர்களுக்குக் குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு வரலாம். ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் மூலம், வயிற்றுப்புண், குடல் புற்று என்று எங்கோ இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவாலும் இரத்தசோகை வரும். தலசீமியா மரபைச் சுமப்பவர்களுக்கு இரும்பு நிறைய இருந்தும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். ஆகவே சி.பி.சி. என்னும் முழு இரத்த அணுச் சோதனையோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் செய்துவிட்டு மாத்திரையைத் தொடங்குவதே முறை.

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடோ எலுமிச்சைச் சாறோடோ விழுங்கினால் நன்றாகச் சேரும். குமட்டினால் இரவு சிறிது சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது போடலாம். பால், காபி, டீ, கால்சியம் மாத்திரை, அமிலம் குறைக்கும் மருந்து எதனோடும் சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் கால்சியமும் சேர்த்தே தருவார்கள்: கால்சியத்தைப் பகலில் சாப்பாட்டோடும், இரும்பை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் தார் போல ஒட்டி, கடும் நாற்றம் அடித்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரை சேரவில்லை, அல்லது இரத்தம் எங்கோ போகிறது, அல்லது காரணமே வேறு. 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உடம்பின் சேமிப்பு நிறைய அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆகும். அதுவரை மாத்திரை வீட்டில் இருக்கும் என்பதால், அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய இடத்தில் வையுங்கள். மிட்டாய் போலப் பளபளக்கும் அதைச் சின்னக் குழந்தை சில எண்ணம் விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்து.